சேர்வராயன் மலையில் மழைக் கணக்கு: சிறு விவசாயி எதைக் கவனிக்கிறார், எதை மாற்றுகிறார்

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ காபி வைத்திருப்பவரிடம் இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல மாட்டார். மொட்டை மலரவைக்கும் பூமழை வந்ததா, அது வந்த பிறகு அடுத்த மழை எத்தனை நாளில் விழுந்தது, பழம் பறிக்கிற நேரத்தில் களத்தில் வெயில் அடித்ததா என்ற வரிசையில்தான் பதில் வரும். காலநிலை மாற்றத்தைப் பற்றிய அறிக்கைகளோ சராசரி வெப்பநிலையிலும் ஆண்டு மழையிலும் பேசுகின்றன. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது என்பது மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீடு. அது உண்மைதான். ஆனால் அந்த 0.7 டிகிரியை யாரும் தோட்டத்தில் நின்று உணர முடியாது. விவசாயி உணர்வது, வரவேண்டிய நாளில் வராத மழையையும் வரக்கூடாத நாளில் வந்த மழையையும்தான். சேலம் மாவட்டத்தில் சிறு விவசாயிகள் செய்துகொண்டிருக்கும் மாற்றங்களைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காபிச் செடியின் வருஷத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மார்கழி, தை மாதங்களின் வறட்சியில் மொட்டு உறங்கிக் கிடக்கும். மாசி, பங்குனியில் ஏறத்தாழ ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நல்ல மழை விழுந்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். எட்டு, பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். பூ நிற்பது மூன்று, நான்கு நாள்தான். அந்த நாட்களில் கனமழை அடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு இருபது நாளுக்குள் இன்னொரு மழை வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. முதல் மழை வெறும் தூறலாக வந்து நின்றுவிட்டால் இன்னும் மோசம். மொட்டு அரைகுறையாக விழித்து, சரியாக மலராமலே கருகிவிடும். ஏற்காட்டில் வருஷத்துக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் இந்த இரண்டு மழையும் சேர்ந்து 50, 60 மில்லிமீட்டர் இருக்கலாம். அந்தச் சின்னப் பங்குதான் வருஷ வருமானத்தை முடிவு செய்கிறது. ஆண்டு மழை இயல்பு என்று பதிவாகிற வருஷத்திலும் ஒரு தோட்டம் காய் இல்லாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெரிய எஸ்டேட்டுகளுக்கு இதற்கு வழி இருக்கிறது. குட்டை வெட்டித் தண்ணீர் சேர்த்து வைத்திருப்பார்கள், மழை தவறினால் ஸ்பிரிங்க்லர் போட்டுச் செடியைப் பூக்க வைத்துவிடுவார்கள். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை பக்கம் மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடிக் குடும்பங்கள் வைத்திருக்கும் துண்டு நிலங்களில் அதற்கு இடமும் இல்லை, முதலும் இல்லை. இந்தியாவில் காபித் தோட்டங்களில் எண்ணிக்கைப்படி கிட்டத்தட்ட 99 சதவீதம் 10 ஹெக்டேருக்குக் குறைந்தவை. காபி என்றதும் கண்ணில் வரும் பங்களாவும் பரந்த எஸ்டேட்டும் எண்ணிக்கையில் மிகச் சிறிய பகுதி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி, இப்போது பெரும்பாலும் மழையை மட்டும் நம்பியிருப்பவர்களின் கையில் இருக்கிறது.

மழை ஒரே தடவையாக விழாமல் மூன்று, நான்கு தவணையாக விழுந்தால் பூவும் அப்படியே தவணை தவணையாக வரும். பழமும் ஒன்றாகப் பழுக்காது. முன்பு இரண்டு, மூன்று சுற்றில் பறித்து முடித்த தோட்டத்தில் ஐந்து, ஆறு சுற்று போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் கூலி. ஆளே கிடைக்காத ஊரில் அந்தச் சுமை வீட்டுப் பெண்கள் மேல் விழுகிறது. கடைசியில் சில பழங்கள் செடியிலேயே தங்கிவிடும், அதில்தான் காய்த் துளைப்பான் அடுத்த பருவம் வரை குடியிருக்கும். ஆக, மாசியில் குழம்பிய மழை தையில் கூலிச் செலவாகவும் மறுவருஷம் பூச்சியாகவும் திரும்பி வருகிறது. விவசாயி இதைக் காலநிலை என்று கணக்கு எழுதுவதில்லை, "ஆள் செலவு கட்டுப்படியாகவில்லை" என்றுதான் சொல்வார். இரண்டும் ஒரே விஷயம் என்பதை வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பல நேரம் தவறவிடுகிறார்.

2021 ஜனவரியில் தமிழகம் முழுக்கக் காலம் தப்பிப் பெய்த பெருமழையை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது. மலையில் அது பறிப்பும் உலர்த்தலும் நடக்கும் காலம். களத்தில் காயும் பழம் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துத் தரம் இறங்கும், செடியில் இருக்கும் பழம் வெடித்து உதிரும். தையில் நல்ல மழை விழுந்தால் மொட்டும் நேரம் தெரியாமல் விழித்துவிடும். பிறகு 2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது ஏற்காட்டிலும் ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதுவும் பறிப்புக் காலம்தான்.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் பெய்யாத நாட்கள் நீள்கின்றன, பெய்கிற நாளில் மொத்தமாகக் கொட்டுகிறது. சேர்வராயனும் அதன் அடிவாரமும் கடினப் பாறை நிலம். நிலத்தடி நீர் நிற்பது மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் தூறினால் அது உள்ளே இறங்கும். அதே அளவு மழை இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு திருமணிமுத்தாற்றிலும் வாணியாற்றிலும் ஓடிவிடும். மழைமானியில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும், ஆனால் கிணற்றில் தெரியும் வித்தியாசம் வேறு. "முன்ன மாதிரி மழை இல்லை" என்று ஒரு பெரியவர் சொல்லும்போது, பதிவேட்டைக் காட்டி அவர் நினைவு தப்பு என்று சொல்வது சரியில்லை. அவர் அளப்பது ஊற்றையும் கிணற்றையும். அவர் அளவு அவருக்குச் சரி.

அதற்காக அனுபவ அறிவு எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் பதிமூன்று, பதினான்கு நாட்களைக் கர்ப்போட்டம் என்பார்கள். அந்த நாட்களில் மேகம் ஓடும் திசை, காற்று, மந்தாரம் எல்லாவற்றையும் பார்த்து வரப்போகும் மழையைக் கணிப்பது வழக்கம். மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழையாகப் பிறக்கும் என்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் சொல்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து 195 நாள் எண்ணினால் ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நேரம் வரும். விதைப்புக்கு முன் ஒரு முடிவு எடுக்க உதவும் கணக்கு என்பது அதிலேயே தெரிகிறது. அதற்கு வானிலை அறிவியலில் ஆதாரம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் முழுக்க ஒரே நாட்களில் வானத்தைப் பார்த்து, பேசி, எதை எவ்வளவு விதைப்பது என்று சேர்ந்து யோசிக்கிற பழக்கம் அதில் இருந்தது. ஈசல் கிளம்புவதும் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதும் வேறு ரகம், அவை ஓரிரு நாளில் வரும் மழைக்கான அடையாளம். காற்றின் ஈரத்துக்கு உயிர்கள் காட்டும் எதிர்வினை என்பதால் இன்றைக்கும் ஓரளவு பலிக்கின்றன. ஆட்டம் கண்டிருப்பது "ஆடிப்பட்டம் தேடி விதை" போன்ற நாள்காட்டி அறிவுதான். நாளை வருமா என்று சொல்ல முடிகிறது, இந்த மாதம் நிற்குமா என்று சொல்ல முடியவில்லை.

அந்த இடத்தில் வானிலைத் துறையின் முன்னறிவிப்பு உதவ வேண்டும். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிவுரை வருகிறது, உழவன் செயலியிலும் பார்க்கலாம். அடிவாரத்துக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. மலைக்குத்தான் சிக்கல். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். மலைக்குள்ளேயும் ஒரு முகட்டில் கொட்டும்போது அடுத்த சரிவு காய்ந்திருக்கும். மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ ஒரு எண் என்று வந்தால், மருந்து அடிக்கவா வேண்டாமா என்று நிற்பவருக்கு அது போதாது.

காரணம் என்னவென்று கேட்டால் மலையில் பெரும்பாலும் வரும் பதில், மரத்தை வெட்டியதால் மழை போய்விட்டது என்பது. பாக்சைட் தோண்டியது, சோலை போய் சில்வர் ஓக் வந்தது, தங்கும் விடுதிகள் பெருகியது எல்லாம் அந்தப் பேச்சில் வரும். கரியமில வாயு அதிகம் வராது. விஞ்ஞானக் கணக்கில் இது பாதிதான் சரி. உலகம் சூடாவதற்குச் சேர்வராயனில் மரம் வெட்டியது காரணம் இல்லை. ஆனால் மலையின் ஈரத்துக்கும் ஊற்றுக்கும் தோட்டத்துக்குள் இருக்கும் சூட்டுக்கும் மரம் நேரடிக் காரணம். முக்கியமாக, இந்த விளக்கத்தில் விவசாயி செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மேலைநாட்டுப் புகைபோக்கிகள்தான் காரணம் என்றால் அவர் கையில் எதுவுமே இல்லை, மரம் காரணம் என்றால் மரம் வைக்கலாம். அதனால் அந்த நம்பிக்கையைத் திருத்த அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

நிழல் மரத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மலையின் எதிர்காலம் பெருமளவு அதில்தான் இருக்கிறது. அராபிகா காபியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். வெயில் படும், சூடான தண்டின் பட்டையில்தான் வண்டு முட்டையிட விரும்பும். நிழல் குறைந்து வறட்சி நீண்ட வருஷங்களில் அது பெருகும். செய்ய வேண்டியது தெரிந்ததுதான்: நிழலைக் காப்பாற்றுவது, தண்டின் பழைய பட்டையைத் தேய்த்துவிடுவது, சுண்ணாம்பு அடிப்பது, துளை விழுந்த செடியைப் பிடுங்கி எரித்துவிடுவது. ஆனால் காய் பிடித்து நிற்கும் செடியைப் பிடுங்க எந்தச் சிறு விவசாயிக்கும் கை வராது. அவருக்கு அது இந்த வருஷப் பள்ளிக்கூடச் செலவு. அப்புறம் சில்வர் ஓக். நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், பிளைவுட்டுக்குப் போகும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் நகை மாதிரி அது. விளைச்சல் தவறிய வருஷத்தில் பத்து மரம் விற்றுக் கடனை அடைப்பார்கள். வறட்சியைச் சமாளிக்க விற்ற மரம்தான் அடுத்த வறட்சியில் செடிக்கு நிழலாக இருந்திருக்க வேண்டியது. இதை விவசாயியின் அறியாமை என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு நன்றாகத் தெரியும். விற்காமல் இருக்க வேறு பணம் வேண்டும், அவ்வளவுதான்.

பலாவும் அத்தியும் கல்யாண முருங்கையும் கலந்து நின்ற நிழல் வேறு மாதிரி. இலை உதிர்ந்து மூடாக்கு ஆகும், மழைத்துளியின் வேகத்தைப் பல அடுக்கில் உடைக்கும், ஒரு மரம் இலை கொட்டும்போது இன்னொன்று தழைத்திருக்கும். காபியில் விலை விழுந்தாலும் மிளகும் பலாவும் எலுமிச்சையும் கொஞ்சம் தாங்கும். கலப்புத் தோட்டத்தைப் பழைய வழக்கம் என்று ஒதுக்காமல் வைத்திருந்தவர்கள் மோசமான வருஷங்களை மற்றவர்களைவிட நன்றாகவே தாண்டியிருக்கிறார்கள்.

இந்த மலைக்கு ஒரு தனிக் கஷ்டமும் இருக்கிறது. உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி சூடு குறையும். சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால், முன்பு இருந்த அதே குளிர்ச்சிக்குப் பயிர் சுமார் 150 மீட்டர் மேலே போக வேண்டும். அராபிகாவுக்கு 15 முதல் 25 டிகிரி வரைதான் சுகம். சில நாடுகளில் காபியை மேல் சரிவுகளுக்கு நகர்த்துகிறார்கள். சேர்வராயனின் உச்சியே 1600 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, ஏற்காட்டிலிருந்து நூறு மீட்டர்போல ஏறினால் மலை முடிந்துவிடும். நீலகிரியில் இருப்பதுபோல் மேலே ஆயிரம் மீட்டர் மிச்சம் இங்கே கிடையாது. இருக்கிற இடத்திலேயே நிழலாலும் ரகத்தாலும் குளிர்ச்சியைத் தக்கவைத்தால்தான் உண்டு.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் கதை கொஞ்சம் மாறுகிறது. சேலத்தின் அடையாளப் பயிர் மரவள்ளி, ஊர் வழக்கில் குச்சிக்கிழங்கு. வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும், மழை வந்தால் மறுபடி துளிர்க்கும். காலநிலை மாற்றத்துக்கு ஏற்ற பயிர் என்று புத்தகத்தில் எழுத அருமையான உதாரணம். வயலில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை கிழங்குக்கு விலை போடுவது எடையை மட்டும் பார்த்து அல்ல, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து. நீண்ட வறட்சிக்குப் பின் அறுவடைக்கு முந்தி ஒரு மழை பெய்தால் செடி கிழங்கிலிருந்த மாவை எடுத்துப் புதுத் துளிர் விடும், பாயிண்ட் இறங்கும். செடி பிழைத்துக்கொள்கிறது, விவசாயியின் விலை விழுகிறது. பயிர் தாங்குவதும் விவசாயி தாங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

மாவுப்பூச்சி வந்த கதையும் இதோடு சேர்ந்தது. 2020இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் வயல்களை வேகமாகப் பிடித்தது. சூடும் வறட்சியும் இருந்தால் அது பெருகும், நல்ல மழை அடித்தால் கழுவிப் போகும். மருந்து அடித்து ஓய்ந்தவர்களுக்கு உதவியது ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிலையத்தில் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். தனி விவசாயி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பெனினிலிருந்து குளவி கொண்டுவர முடியாது. தகவமைப்பு என்பதை முழுக்க விவசாயியின் தலையில் கட்டுகிற பேச்சுக்கு ஏத்தாப்பூர் நல்ல பதில்.

வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பாக்குத் தோப்பு வைத்தவர்களுக்கு மிகப் பயங்கரமான நினைவு 2016. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பாக்கு மரம் வறட்சியைத் தாங்காது, பல வருஷம் வளர்த்த மரம் ஒரு கோடையில் போய்விடும். அப்போது வழி என்று தெரிந்தது போர் போடுவதுதான். அறுநூறு, எண்ணூறு அடி, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். கடினப் பாறையில் வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், கிடைக்காவிட்டால் புழுதியும் கடனும். கிடைத்த தண்ணீரும் பக்கத்துக் கிணற்றின் தண்ணீர்தான். சொட்டுநீர்ப் பாசனம் இதைவிட நல்ல வழி, சிறு குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியமும் உண்டு. ஆனால் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும் குடும்பமும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு ஓட்டுபவரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிர்க்கா, அதாவது பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்ட அளவிலான சராசரி விளைச்சலை வைத்து இழப்பைக் கணக்கிட்டால், மலைச்சரிவில் இவர் தோட்டத்துக்கு நேர்ந்தது அந்தச் சராசரியில் கரைந்துவிடும்.

எல்லா மாற்றத்தையும் காலநிலைக்குக் கொண்டுபோய் ஒட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மலையில் சாமை, தினை விதைப்பது குறைந்தது. மழை குறைந்ததால் என்று எழுதிவிடலாம். ஆனால் ரேஷன் அரிசி வந்தது, இளையவர்கள் திருப்பூருக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனார்கள், சாமையைக் குத்திப் புடைக்கும் வேலை முழுக்கப் பெண்கள் மேல் இருந்தது, காட்டெருமை இறங்கி மேய்ந்துவிடுகிறது. இவ்வளவும் சேர்ந்துதான் அந்தப் பயிர் பின்வாங்கியது. குறைந்த மழையில், எழுபது, எண்பது நாளிலிருந்து நூறு நாளுக்குள் விளைந்துவிடும் பயிரை, மழை நிச்சயமில்லாமல் ஆகும் காலத்தில் ஒரு ஊர் கைவிடுகிறது என்றால், சிறுதானியத்தின் பெருமையை மேடையில் பேசுவதால் அது திரும்பி வராது. அருகிலேயே அரவை இயந்திரமும் காட்டெருமைக்கு வேலியும் வந்தால் சிலராவது மறுபடி விதைப்பார்கள்.

இப்போது மலையில் பலர் முன்னால் இருக்கும் பெரிய முடிவு, வயதான காபிச் செடிகளை மாற்றுவதா என்பது. 2007இல் காபி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சந்திரகிரி போன்ற ரகங்கள் இலைத்துரு நோயை ஓரளவு தாங்கும், செடியும் குட்டையாக அடர்ந்து நிற்கும். ஆனால் இன்று நடும் நாற்று முதல் காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். பராமரித்தால் முப்பது, நாற்பது வருஷம் நிற்கும். அதாவது 2060ஐ ஒட்டிய வெப்பத்துக்கும் மழைக்கும் இன்றைக்கு ரகம் தேர்ந்தெடுக்கிறார் அவர். 2025 தொடக்கத்தில் அராபிகா விலை உலகச் சந்தையில் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. அப்படிப்பட்ட விலை இருக்கும்போது காய்க்கிற செடியைப் பிடுங்க மனம் வராது, விலை விழுந்த பிறகு பிடுங்கி நடப் பணம் இருக்காது. வெளியிலிருந்து தர வேண்டிய உதவி இந்த மூன்று, நான்கு வருஷ இடைவெளிக்குத்தான். நாற்றுக்கும் குழிக்கும் மட்டும் மானியம் கொடுத்துவிட்டு, வருமானம் இல்லாத வருஷங்களைக் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்றால் இரண்டு ஏக்கர்காரர் மாற்ற மாட்டார். ஒரே தடவையில் பிடுங்காமல் வருஷத்துக்கு நாலில் ஒரு பங்காக மாற்றி, புதுச் செடி வரிசைக்கு நடுவில் பீன்ஸ், இஞ்சி, வாழை போட்டு, நிற்கும் நிழல் மரத்தில் மிளகு ஏற்றிச் சமாளிக்கும் முறையை இங்கே சிலர் தாங்களாகவே செய்கிறார்கள். அவர்கள் கேட்பது இரண்டுதான்: பூமழைக் காலத்தில் தங்கள் சரிவுக்கென்று ஒரு முன்னறிவிப்பு, மரத்தை விற்காமல் அந்த நாலு வருஷத்தைக் கடக்க வட்டி குறைந்த ஒரு கடன்.